145/70 ஆர்12 கிடைக்கவில்லை, 80 போடலாமா? (பழைய மாருதி 800)

பாகாயம்_800 | ஞாயிறு, காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய 1996 மாருதி 800, வெள்ளை, இன்னும் வீட்டில் இருக்கிறது. அடுத்த மாதம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்தத் தொல்லைதான். இப்போதிருக்கும் கோலத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், ஆய்வாளர் முதலில் குனிந்து டயரைத்தான் பார்ப்பார். முன் டயர் இரண்டும் மொட்டை. பின் டயர் இரண்டிலும் பட்டன் (ரோட்டில் படும் மேடு பள்ளம்) நன்றாக இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் கோடைக்காலத்து ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கிறது.

டயரில் எழுதியிருப்பது 145/70 ஆர்12. நேற்று மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில், "70 இப்போ யாரும் கேக்கறதில்ல சார், 80 தான் வருது, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். இரண்டாவது கடையில் குடோனிலிருந்து தூசி தட்டி ஒரு ஜோடி 70 எடுத்துக் காட்டினார்கள். விலையும் குறைவு. ஓடாத டயர், ரப்பர் முடிகூட அப்படியே நிற்கிறது. மூன்றாவது கடைக்காரர் 12 அங்குலத்தையே தலைமுழுகச் சொல்கிறார். 13 அங்குல அலாய் போட்டால் வண்டி கெத்தாக இருக்குமாம்.

ஓட்டம் அதிகமில்லை. பாகாயத்திலிருந்து காட்பாடி, மாதம் ஒருமுறை ஜோலார்பேட்டையில் அத்தை வீடு, கோடையில் ஏலகிரி, அவ்வளவுதான். எதைப் போடுவது? இரண்டு போதுமா, நான்கும் மாற்ற வேண்டுமா?

சத்துவாச்சாரி_ஆம்னி | ஞாயிறு, காலை 11.05

யோசிக்கவே வேண்டாம், ஆம்னி டயர் போடுங்க. 145 ஆர்12 எல்.டி. என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். கல்லு மாதிரி. என் ஆம்னியில் ஆறு மூட்டை சிமெண்ட் ஏற்றி கணியம்பாடி போய் வந்திருக்கிறேன்.

காட்பாடி_கால்குலேட்டர் | ஞாயிறு, மதியம் 12.40

அண்ணா, கல்லூரி விடுதியில் சும்மா இருந்ததால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70ம் 80ம் ஒன்றில்லை.

145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 145இல் 70 சதவீதம் 101.5. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 203. ரிம் 12 அங்குலம், அதாவது 304.8. கூட்டினால் டயரின் மொத்த உயரம் 507.8 மி.மீ. இதையே 80க்குப் போட்டால் 536.8 வருகிறது. 29 மி.மீ. வித்தியாசம், 5.7 சதவீதம். சக்கரம் சிறியது என்பதால்தான் இந்த இரண்டு விரல் அகலம் இவ்வளவு பெரிய சதவீதமாக வருகிறது.

இதனால் வண்டி தரையிலிருந்து 14.5 மி.மீ. எழும்பும், அது நல்லதுதான். ஆனால் மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் போவது 63க்கு மேல். கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடும். 40 குதிரைத் திறன்கூட முழுசாக இல்லாத எஞ்சின் அது.

ஆல்ட்டோவுக்குக் கம்பெனியே 145/80 ஆர்12 தான் கொடுத்தது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த வண்டியின் கியரும் மீட்டரும் அந்த டயரை வைத்துச் செய்தவை.

திருவலம்_டீச்சர் | ஞாயிறு, மதியம் 2.15

தம்பி, நீ சொன்னதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னுடையதும் பழைய 800, கார்ப்பரேட்டர் வண்டி. போன வருடம் நான்கு டயரும் 80 போட்டேன். அதற்கு முன்னால் லிட்டருக்கு 18 கொடுத்தது, அப்புறம் 17க்கு மேல் ஏறவே இல்லை. மெக்கானிக் கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார். 17 அப்படியே நின்றது.

இன்னொன்று, ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்களே, முன்பெல்லாம் இரண்டாவது கியரிலேயே ஏறிவிடுவேன். இந்த முறை பாதிப் பேருக்கு முதல் கியர் போட்டு வணக்கம் வைத்துக்கொண்டே போனேன். பின்னால் வந்த பேருந்துக்காரர் பொறுமைசாலி, ஹாரன்கூட அடிக்கவில்லை.

காட்பாடி_கால்குலேட்டர் | ஞாயிறு, மதியம் 2.30

டீச்சர், உங்கள் வண்டி மைலேஜ் குறையவே இல்லை! சக்கரம் பெரிதானதால் ஒரு கிலோமீட்டருக்குச் சுற்றும் சுற்று குறைந்துவிட்டது. 70 போட்டால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 627 சுற்று, 80 போட்டால் 593. மீட்டர் சுற்றைத்தான் எண்ணுகிறது, ரோட்டை இல்லை. நிஜத்தில் 100 கிலோமீட்டர் போனால் அது 94.6 என்று எழுதிக்கொள்ளும். 18ஐ 1.057ஆல் வகுத்துப் பாருங்கள், 17 வரும்.

திருவலம்_டீச்சர் | ஞாயிறு, மதியம் 2.34

அப்போ அந்தக் கார்ப்பரேட்டர் காசு?

சத்துவாச்சாரி_ஆம்னி | ஞாயிறு, மதியம் 2.41

போனது போனதுதான் டீச்சர் 😄

ஆம்பூர்_வளைவு | ஞாயிறு, மாலை 5.50

நான் 13 அங்குலக் கட்சி. என் 800இல் பழைய மாருதி ஜென் வண்டியின் ரிம் போட்டு, 145/70 ஆர்13 ஓட்டுகிறேன். நான்கு போல்ட்டும் அப்படியே உட்கார்ந்தது. கால்குலேட்டர் தம்பி கணக்குப் போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், மொத்த உயரம் 533, கிட்டத்தட்ட 80 டயர் கதைதான். தெரிந்தேதான் போட்டேன். 12 அங்குல ரிம் வைத்துக்கொண்டு இனி வருடா வருடம் டயருக்குப் பிச்சை எடுக்க முடியாது. 13இல் கேட்ட நாளில் கிடைக்கும்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் இறங்கும்போது பின்பக்கம் 'சர்ர்' என்று ஒரு சத்தம். முழுசாக ஸ்டியரிங் ஒடித்தால் முன்னால் மட்ஃபிளாப்பிலும் உரசும். மட்ஃபிளாப்பைக் கத்தரித்துவிட்டேன். பின்பக்கச் சத்தத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை. மூன்று பேரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரப்பர்_தாத்தா | ஞாயிறு, இரவு 8.10

பாகாயம் தம்பி, அரக்கோணம் பக்கம் டயர் தொழிற்சாலையில் 31 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அளவுச் சண்டையை இளசுகள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு உறுத்துவது அந்தக் குடோன் ஜோடி.

டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று ஆரம்பித்து ஒரு எழுத்து வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் அச்சிலிருந்து வெளியே வந்தது என்று அர்த்தம். ஒரு பக்கத்தில் காணவில்லை என்றால் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள், பல டயரில் தேதி ஒரு பக்கம்தான் இருக்கும். கடைக்காரர் வெளிச்சம் இல்லை என்பார். கைப்பேசி விளக்கு எதற்கு இருக்கிறது?

ரப்பர் முடி நிற்கிறது என்பதெல்லாம் ஓடவில்லை என்பதற்குத்தான் அடையாளம், புதுசு என்பதற்கு இல்லை. அச்சில் காற்று வெளியேற விட்டிருக்கும் துளைக்குள் ரப்பர் புகுந்து வந்ததுதான் அந்த முடி. பத்து வருடம் மூலையில் கிடந்தாலும் அது நிற்கும்.

உங்கள் பின் டயர் ஏன் வெடித்தது தெரியுமா? ஓட்டம் போதாததால். ரப்பர் கலவையிலேயே ஒரு வகை மெழுகும், ஓசோன் கடிக்காமல் இருக்க மருந்தும் சேர்ப்போம். டயர் உருண்டு, நசுங்கி, விரியும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து படிந்து பாதுகாக்கும். வண்டி நின்றுகொண்டே இருந்தால் அது மேலே வராது. வேலூர் வெயிலில் ஒரே பக்கம் வருடக்கணக்கில் காய்ந்தால் பக்கச்சுவர் பாளம் விடத்தான் செய்யும். பட்டன் இருக்கிறதே என்று அந்த டயரை வைத்துக்கொள்ளாதீர்கள். பட்டனில் டி.டபிள்யூ.ஐ. என்று குறி இருக்கும், அதற்கு நேராகப் பள்ளத்தில் ஒரு மேடு. அந்த மேடு வரைக்கும், அதாவது 1.6 மி.மீ. வரைக்கும் தேயலாம் என்பது தேய்மானத்துக்குக் கணக்கு. வெடிப்புக்கு அந்தக் கணக்கு செல்லாது.

நான்கும் மாற்றுங்கள்.

பாகாயம்_800 | திங்கள், காலை 9.30

ஐயா, ரொம்ப நன்றி. வேலைக்குப் போகிற வழியில் அந்தக் கடையில் இறங்கி, விளக்கடித்துப் பார்த்தேன். 1117.

ரப்பர்_தாத்தா | திங்கள், காலை 9.48

2017 மார்ச். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

குடியாத்தம்_ஃபியட் | திங்கள், காலை 11.15

நடுவில் புகுந்து ஒரு வார்த்தை. என்னுடையது பத்மினி. 14 அங்குலச் சக்கரம், 5.20 நைலான் டயர். அதற்கு டயர் தேடுவதைவிடப் பெண்ணுக்கு வரன் தேடுவது சுலபம். ஒருமுறை முன்னால் மட்டும் ரேடியல் போட்டு, பின்னால் பழைய நைலானே இருக்கட்டும் என்று விட்டேன். மழையில் பள்ளிகொண்டா தாண்டி ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் தனியாக வேறு ஊருக்குக் கிளம்பியது. இரண்டு வகையையும் கலக்கக் கூடாது, கலந்தே தீர வேண்டுமென்றால் ரேடியல் பின்னால்தான் போக வேண்டும் என்று அப்புறம்தான் ஒரு பெரியவர் சொன்னார். 800க்கு எல்லாமே ரேடியல் (ஆர்12இல் உள்ள ஆர் அதுதான்) என்பதால் உங்களுக்கு இந்த வம்பு இல்லை.

ஆம்பூர்_வளைவு | திங்கள், மதியம் 1.20

இது பொதுவாகவே கேட்கிறேன். காசு இல்லை, இரண்டு புது டயர்தான் வாங்க முடியும் என்று வையுங்கள். 800 முன்சக்கரத்தில் இழுக்கிற வண்டி. ஸ்டியரிங், பிரேக், இழுவை மூன்றும் முன்னால். புதுசு முன்னால்தானே போட வேண்டும்?

ரப்பர்_தாத்தா | திங்கள், மாலை 6.05

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முன் டயர் மழையில் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஸ்டியரிங் லேசாகிவிடும், கைக்குத் தெரியும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடி திரும்ப வரும். பின் டயர் வழுக்கினால் கைக்கு ஒன்றும் தெரியாது, முதுகுக்குத்தான் தெரியும். தெரிவதற்குள் வண்டி குறுக்கே நிற்கும். கிரீன் சர்க்கிள் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும்போது எது பரவாயில்லை என்று யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல ஜோடி எப்போதும் பின்னால்.

ஆம்பூர்_வளைவு | திங்கள், மாலை 6.20

மனசு ஒப்பவில்லை ஐயா. தேய்வது முன்னால், புதுசு பின்னால் என்றால் நான் இரண்டு முறை செலவு செய்வது போல இருக்கிறது. ஆனால் குடியாத்தத்துக்காரர் கதையைக் கேட்டபிறகு வாதாட வாய் வரவில்லை.

காட்பாடி_கால்குலேட்டர் | திங்கள், இரவு 10.45

அண்ணா, 70 கிடைக்கவே கிடைக்காது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. டாடா நானோவின் பின் டயர் 155/65 ஆர்12. 155இல் 65 சதவீதம் 100.75, இரண்டு பக்கமும் 201.5, ரிம்மோடு 506.3. உங்கள் டயர் 507.8. ஒன்றரை மி.மீ. வித்தியாசத்தில் மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. நானோவின் முன் டயர் 135/70, அது வேண்டாம், 494க்கு இறங்கிவிடும், பாகாயத்து வேகத்தடையெல்லாம் வண்டியின் வயிற்றைத் தடவும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1959இல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் மினி காரைச் செய்தபோது, மூன்று மீட்டர் நீள வண்டிக்குள் நான்கு பேரை உட்கார வைக்க வேண்டியிருந்தது. சக்கரம் பெரிதானால் அதன் கூடு உள்ளே வந்து கால் வைக்கும் இடத்தைத் தின்னும். அதனால் 10 அங்குலச் சக்கரம் போட்டார். இன்றைக்கு அந்த மினியை வைத்திருப்பவர்கள் 145/80 ஆர்10 போடுவார்கள், இல்லையென்றால் 165/70 ஆர்10. உயரம் 486, 485. அகலத்தைக் கூட்டும்போது விகிதத்தைக் குறைத்து மொத்த உயரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரே கவலை, அகலம் 10 மி.மீ. கூடுகிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, நிறுத்தும்போது கை கொஞ்சம் வலிக்கும். ரிம்மின் அகலம் ரிம்மிலேயே அடித்திருக்கும். 155 அதில் ஒழுங்காக உட்காருமா என்று ஐயாதான் சொல்ல வேண்டும்.

ரப்பர்_தாத்தா | செவ்வாய், காலை 7.15

தம்பி கணக்கு சரி. இந்த இழையிலேயே ஒழுங்கான மாற்று அதுதான். ஒல்லி ரிம்மில் அகல டயர் போட்டால் பீட் (ரிம்மைக் கவ்வும் ஓரம்) இரண்டும் உள்ளே இழுத்து, டயரின் நடு பாகம் புடைத்துக்கொள்ளும், நடுவில் மட்டும் தேயும். 155 வரைக்கும் பயமில்லை. 165 கேட்டு வராதீர்கள்.

அப்புறம் ஆம்னி டயர் யோசனை. சத்துவாச்சாரி தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. எல்.டி. என்பது சரக்கு வண்டிக்கானது. அதிகக் காற்று பிடித்து, அதிக பாரம் தாங்குவதற்காகப் பக்கச்சுவரைத் தடியாகச் செய்வோம். 650 கிலோ வண்டிக்கு அது நசுங்கவே நசுங்காது. நசுங்காத டயர் பள்ளத்தை அப்படியே உங்கள் இடுப்புக்கு அனுப்பும், ஈரத்தில் பிடியும் குறைவு. உங்கள் 70இல் 69எஸ் என்று இருக்கும். 69 என்றால் ஒரு டயர் 325 கிலோ தாங்கும், நான்கும் 1300. ஐந்து பேரும் அத்தை வீட்டு மாங்காய் மூட்டையும் ஏறினாலும் மிச்சம் இருக்கும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர். அதை உங்கள் வண்டி கனவில் பார்த்துக்கொள்ளட்டும்.

சத்துவாச்சாரி_ஆம்னி | செவ்வாய், காலை 8.02

கோபமெல்லாம் இல்லை ஐயா. இடுப்பு வலிக்குப் போன மாதம்தான் தைலம் வாங்கினேன். இப்போதுதான் காரணம் புரிகிறது.

திருவலம்_டீச்சர் | செவ்வாய், இரவு 9.00

ஐயா, என் 80 டயருக்கு ஒரு வயதுதான் ஆகிறது. கழற்றிப் போட வேண்டுமா?

ரப்பர்_தாத்தா | செவ்வாய், இரவு 9.25

எதற்கு அம்மா? எங்கும் உரசவில்லை, மலை ஏறுவது வருடத்துக்கு ஒருமுறை. பொன்னை ஆற்றுப் பாலம் பக்கத்து ரோட்டுக்கு அந்த 14 மி.மீ. உயரம் உங்களுக்கு லாபம்தான். மீட்டர் காட்டுவதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகிறீர்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஓட்டித் தேயுங்கள். தேய்ந்தபிறகு 70 வாங்கலாம்.

பாகாயம்_800 | அடுத்த வாரம் வியாழன், இரவு 8.40

முடிந்தது. தாமதத்துக்கு மன்னிக்கணும்.

வேலூரில் ஏழு கடை விசாரித்தேன். கடைசியில் ஆற்காட்டில் ஒருவர், "ரெண்டு நாள் டைம் குடுங்க, டீலர்கிட்ட கேக்கறேன்" என்றார். இரண்டு நாள் ஆறு நாளானது. ஆனால் 145/70 ஆர்12 நான்கும் வந்தது, நான்கிலும் இந்த வருடத்துத் தேதி. கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. நான்கும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது, டியூப் தனி. 155/65ம் அவரிடம் ஒரு ஜோடி இருந்தது. இது வரவில்லை என்றால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

டியூப் எதற்கு என்று கேட்பீர்கள். பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மின் ஓரம் முழுக்கத் துரு, பீட் உட்காரும் இடத்திலேயே செதில் செதிலாக வந்தது. ஒரு ரிம் நெளிந்தும் இருந்தது. அதைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துக் காயவைத்தோம். டியூப் இல்லாமல் ஓட்டினால் காற்று நிற்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஐயா தனியே சொல்லியிருந்தார், டயருக்கு உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழித்துவிட்டு டியூப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது உரசி உரசியே டியூபை ஓட்டையாக்கும் என்று. பையன் மறந்துவிட்டான். நான் எட்டிப் பார்த்து, திரும்பக் கழற்ற வைத்தேன். முறைத்தான்.

அலைன்மென்ட் பார்த்ததில் டை ராட் எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) ஒன்று ஆட்டம். முன் டயரில் ஒரு ஓரம் மட்டும் மொட்டையானதற்கு அதுதான் காரணம். மாற்றாமல் புது டயர் போட்டிருந்தால் இதையும் தின்றிருக்கும்.

காற்று அடிக்கிற இடத்தில் கேட்காமலே 35 வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் வண்டி தவளை மாதிரி குதித்தது. கையேட்டில் இருக்கும் அளவுக்குக் காலையில், வண்டி சூடாவதற்கு முன், இறக்கிவிட்டேன். இப்போது 60இல் ஸ்டியரிங் நடுக்கம் இல்லை. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து வந்துவிட்டு, "உங்கப்பா ஓட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

ரப்பர்_தாத்தா | வியாழன், இரவு 9.10

நல்லது தம்பி. முறைத்த பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஸ்டெப்னியைப் பார்த்தீர்களா?

பாகாயம்_800 | வியாழன், இரவு 9.32

டிக்கியைத் திறந்து இப்போதுதான் பார்த்தேன் ஐயா. பட்டன் புதுசு போல இருக்கிறது. ஆனால் தேதி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று எண்தான் இருக்கிறது, 256. ஒரு எண் அழிந்துவிட்டதா?

ரப்பர்_தாத்தா | வியாழன், இரவு 9.40

அழியவில்லை. 2000க்கு முன்னால் மூன்று எண்தான் போடுவார்கள். 25ஆவது வாரம், 6இல் முடியும் வருடம். வண்டி 1996 என்றீர்கள். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த டயர் அது.

பாகாயம்_800 | வியாழன், இரவு 9.58

அப்பா பஞ்சர் ஆனால் ஸ்டெப்னியைத் தொடமாட்டார். சக்கரத்தைக் கழற்றி, ஆட்டோவில் பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய் ஒட்டிக்கொண்டு வந்து, அதையே மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார். நாங்கள் மர நிழலில் உட்கார்ந்திருப்போம். "புது டயர், வீணாகக்கூடாது" என்பார்.

ஆற்காட்டுக்காரருக்கு இப்போதே போன் செய்து ஐந்தாவது டயர் சொல்லிவிட்டேன். புதன்கிழமை வருமாம். அதுவரைக்கும் ஜோலார்பேட்டை கிடையாது என்று அத்தைக்கும் சொல்லியாயிற்று.